உண்டும் தேறாத குழந்தைகள்

பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு

முன்னுரை

குழந்தை வளர்கிறது என்பதைத் தாய் எதைக் கொண்டு அறிகிறாள்? போன மாதம் தொளதொளவென்று இருந்த சட்டை இந்த மாதம் இறுக்கிப் பிடிப்பதைக் கொண்டு அறிகிறாள். இடுப்பில் தூக்கி வைக்கும்போது, "அப்பாடா, என்ன கனம் கனக்கிறாய்!" என்று சொல்லி மகிழ்கிறாள். பாலும் சோறும் குழந்தையின் உடலில் சதையாகவும் எலும்பாகவும் மாறுவது நமக்கு இயல்பாகத் தோன்றுகிறது. அதைப் பற்றி நாம் யோசிப்பதே இல்லை.

ஆனால் சில குழந்தைகள் உண்டு. அவை பசி தாங்காமல் அழும். கொடுத்ததையெல்லாம் ஆவலோடு உண்ணும். ஆயினும் வாரத்திற்கு வாரம் நிறுத்துப் பார்த்தால் தராசின் முள் நகர்வதில்லை. கை கால்கள் மெலிந்தும் வயிறு மட்டும் உப்பியும் காணப்படும். தாய் ஊட்டுகிறாள், உணவு உடலில் ஒட்டவில்லை. இவ்வாறு குழந்தைகளை வாட்டும் நோய்களுள் ஒன்றுதான் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்.

இந்நோய் ஐரோப்பிய வம்சத்தினரிடையே அதிகம். அவர்களுள் ஏறக்குறைய மூவாயிரம் குழந்தைகளுக்கு ஒன்று இந்நோயோடு பிறக்கிறது. நம் நாட்டிலும் இது உண்டு என்பதைப் பின்னர் கூறுகிறேன். இந்நோயின் எல்லாக் கூறுகளையும் விளக்க இங்கே இடமில்லை. சிறு குழந்தைகளின் உணவும் எடையும் இதில் எத்துணை முக்கியம் என்பதையும், அந்த உண்மையை மருத்துவ உலகம் எவ்வாறு கண்டுகொண்டது என்பதையும் மட்டும் எழுத விரும்புகிறேன்.

நோயின் தன்மை

நம் உடலில் பல சுரப்பிகள் உள்ளன. அவற்றிலிருந்து வரும் நீர் இளகலாக இருந்தால்தான் மெல்லிய குழாய்கள் வழியே தங்குதடையின்றி ஓடும். இதற்குக் காரணமாக உயிரணுக்களின் சுவரில் ஒரு புரதம் வாயில்போல அமைந்து, உப்பின் ஒரு பகுதியாகிய குளோரைடை உள்ளும் புறமும் செல்ல விடுகிறது. உப்பைத் தொடர்ந்து நீரும் செல்லும். அந்தப் புரதத்தை உண்டாக்கும் ஜீன் ஏழாவது குரோமோசோமில் உள்ளது. லாப்-சீ சூயி, ஜான் ரியோர்டன், பிரான்சிஸ் காலின்ஸ் ஆகிய விஞ்ஞானிகளின் குழுக்கள் 1989-ஆம் ஆண்டில் இந்த ஜீனைக் கண்டுபிடித்தன.

இந்த ஜீன் பழுதுபட்டால் வாயில் சரியாகத் திறவாது. சுரப்பு நீர் கோந்துபோலக் கெட்டியாகிவிடும். நுரையீரலில் சளி தங்கிக் கிருமிகள் குடியேறும். கணையத்தின் குழாய்கள் அடைபடும்.

கணையத்தைப் பற்றி நாம் விஞ்ஞானப் பாடத்தில் படித்திருக்கிறோம். மாவுப் பொருளுக்கு அமைலேஸ், புரதத்திற்கு டிரிப்சின், கொழுப்பிற்கு லிப்பேஸ் என்று தேர்வுக்காக மனப்பாடம் செய்திருக்கிறோம். அந்த மூன்று என்சைம்களும் குடலுக்கு வந்து சேராவிட்டால் என்ன ஆகும்? உணவு இரைப்பையைத் தாண்டிக் குடலுக்கு வரும், ஆனால் செரிக்காது. குறிப்பாகக் கொழுப்பு அப்படியே வெளியேறிவிடும். இக்குழந்தைகளின் மலம் எண்ணெய்ப் பசையுடனும் மிகுந்த துர்நாற்றத்துடனும் இருப்பது இதனால்தான். இந்நோயுள்ளவர்களில் நூற்றுக்கு எண்பத்தைந்து பேருக்குக் குறையாமல் கணையம் இவ்வாறு செயலிழந்து விடுகிறது. குழந்தை பசித்து உண்பதும், உண்டும் மெலிவதும் ஏன் என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

இது தொற்றுநோய் அன்று. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுபட்ட ஜீன் வந்தால்தான் குழந்தைக்கு நோய் வரும். பெற்றோர் இருவரும் நல்ல உடல்நலத்துடன் இருந்தாலும், அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு.

டாக்டர் டாரதி ஆண்டர்சன்

இந்நோயை முதன்முதலில் தெளிவாக விவரித்தவர் ஒரு பெண்மணி என்பது நமக்கெல்லாம் பெருமை தரும் செய்தி. அமெரிக்காவில் 1901-ஆம் ஆண்டில் பிறந்த டாரதி ஆண்டர்சன் மருத்துவம் பயின்று அறுவை சிகிச்சை நிபுணராக விரும்பினார். பெண் என்ற காரணத்தால் அவருக்கு அந்த வாய்ப்பு மறுக்கப்பட்டது. அவர் மனம் தளரவில்லை. இறந்தோரின் உடலை ஆராய்ந்து நோயின் காரணம் காணும் துறையை மேற்கொண்டு, நியூயார்க் நகரின் குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றினார்.

அக்காலத்தில் மெலிந்து வாடி இறந்த குழந்தைகள் பலருக்கு 'சீலியாக்' என்னும் வேறொரு குடல் நோய் இருந்ததாகவே எழுதப்பட்டு வந்தது. ஆண்டர்சன் அப்படிப்பட்ட ஒரு குழந்தையின் கணையத்தை நுண்ணோக்கியில் கண்டபோது, அது நார்போல இறுகிக் கட்டிகள் நிறைந்திருப்பதைக் கவனித்தார். உடனே பழைய பதிவேடுகளையும் பாதுகாத்து வைத்திருந்த உறுப்புகளையும் தேடி ஆராய்ந்தார். இவ்வாறு திரட்டிய 49 குழந்தைகளின் விவரங்களை 1938-ஆம் ஆண்டில் வெளியிட்டார். நோய்க்கு ஒரு பெயர் கிடைத்தது. பெயர் தெரிந்தால்தானே மருந்து தேட முடியும்?

கொழுப்பை விலக்கிய காலம்

கணையம் வேலை செய்யவில்லை, கொழுப்புச் செரிக்கவில்லை. அப்படியானால் என்ன செய்ய வேண்டும்? "கொழுப்பைக் கொடுக்காதீர்கள்" என்பதுதான் அன்று எல்லோருக்கும் தோன்றிய விடை. அது அறிவுக்குப் பொருத்தமாகவே இருந்தது. வெண்ணெய், முட்டையின் மஞ்சள் கரு, முழுப்பால், வறுத்த பண்டங்கள் ஆகியவை விலக்கப்பட்டன. கொழுப்பு நீக்கிய பாலும் புரதம் மிகுந்த உணவும் தரப்பட்டன. விலங்குகளின் கணையத்திலிருந்து எடுத்த என்சைம் தூளும் கொடுத்தார்கள். ஆனால் அதில் பெரும்பகுதி இரைப்பையின் அமிலத்திலேயே கெட்டுப்போயிற்று.

இம்முறையினால் ஒரு நன்மை கிடைத்தது. குழந்தையின் வயிற்றுவலியும் மலத்தின் நாற்றமும் குறைந்தன. பெற்றோருக்குச் சற்று நிம்மதி. ஆனால் குழந்தை வளர்ந்ததா? இல்லை.

காரணம் எளிய கணக்குத்தான். ஒரு கிராம் மாவுப் பொருளோ புரதமோ நமக்கு 4 கலோரி சக்தி தருகிறது. ஒரு கிராம் கொழுப்போ 9 கலோரி தருகிறது. சிறு குழந்தையின் இரைப்பை சிறியது. அதில் கொள்ளும் உணவும் சிறிதே. அந்தச் சிறு இடத்திலிருந்து சக்தி மிகுந்த பொருளை விலக்கிவிட்டால் மிஞ்சுவது என்ன? வயிறு நிறையும், உடல் நிறையாது.

டொராண்டோவும் பாஸ்டனும்

கனடா நாட்டின் டொராண்டோ நகரில் குழந்தைகளுக்கான பெரிய மருத்துவமனை ஒன்று உள்ளது. அங்கே இந்நோய்ப் பிரிவைக் கவனித்து வந்த டாக்டர் டக்ளஸ் குரோசியர் 1970களின் தொடக்கத்தில் வழக்கத்திற்கு நேர் எதிரான ஒன்றைச் செய்தார். "குழந்தைகள் கொழுப்பு உண்ணட்டும்" என்றார். முழுப்பால், வெண்ணெய், முட்டை எல்லாம் தாராளமாகக் கொடுக்கச் சொன்னார். அவற்றைச் செரிக்க வைக்கும் அளவுக்கு என்சைமையும் அதிகமாகக் கொடுத்தார். கொழுப்பில் ஒரு பங்கு வீணாகப் போனாலும், எஞ்சிய பங்கு உடலில் சேருமல்லவா? இதுவே அவர் எண்ணம். கொழுப்பைக் கண்டு அஞ்சிய அந்நாளில் இப்படிச் சொல்லத் துணிவு வேண்டும்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலும் இந்நோய்க்குப் புகழ்பெற்ற மருத்துவ நிலையம் இருந்தது. அங்கே பழைய முறைப்படி கொழுப்புக் குறைந்த உணவே வழங்கப்பட்டது. பின்னர் இரு நகரங்களின் நோயாளிகளையும் ஒப்பிட்டு ஆராய்ந்து, 1988-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார்கள். பாஸ்டனில் 499 பேர். டொராண்டோவில் 534 பேர். வயதிலும், ஆண் பெண் விகிதத்திலும் இரு கூட்டத்தாரும் ஏறக்குறைய ஒத்திருந்தனர். ஒவ்வொரு வயதிலும் நுரையீரலின் திறன் எவ்வளவு என்று பார்த்தபோது அதிலும் பெரிய வேறுபாடு தெரியவில்லை.

வேறுபட்டவை இரண்டு. டொராண்டோ நோயாளிகள் உயரமாக வளர்ந்திருந்தார்கள். அவர்களுள் ஆண்கள் எடையும் கூடியிருந்தார்கள். இது முதலாவது. இரண்டாவது வியக்கத்தக்கது. பாதிப் பேர் உயிரோடிருக்கும் வயது என்று கணக்கிட்டபோது, பாஸ்டனில் அது 21 ஆகவும் டொராண்டோவில் 30 ஆகவும் இருந்தது. ஒன்பது ஆண்டுகள்!

ஒப்பீடு என்பது பரிசோதனை ஆகாது. வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். ஆயினும் இந்தச் செய்தியை எவராலும் புறக்கணிக்க முடியவில்லை. கொழுப்பை விலக்கும் முறை மற்ற இடங்களிலும் கைவிடப்பட்டது. உணவும் இந்நோய்க்கு ஒரு மருந்தே என்ற எண்ணம் நிலைபெற்றது.

முதல் நான்கு வயது

எடைக்கும் நுரையீரலுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். நாம் மூச்சு விடுவதே தசைகளின் வேலைதான். உடல் மெலிந்தால் அத்தசைகளும் மெலியும். சளியை இருமி வெளியேற்ற வலு இராது. கிருமியை எதிர்க்கும் சக்தியும் குறையும். நுரையீரலில் நோய் முற்றினால் பசி மந்தமாகும். ஓயாத இருமலாலும் காய்ச்சலாலும் சக்தி மேலும் செலவாகும். அதனால் எடை இன்னும் குறையும். இவ்வாறு ஒன்று மற்றொன்றை இழுத்துக்கொண்டு கீழே போகும். அந்தச் சரிவை நிறுத்த வேண்டுமானால் சிறு வயதிலேயே உடலைத் தேற்றிவிட வேண்டும்.

அமெரிக்காவில் 1989 முதல் 1992 வரை பிறந்த 3142 நோயாளிக் குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2013-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளிவந்தது. நான்கு வயதில் தம் வயதுக்குரிய நடுத்தர எடையை எட்டியிருந்த குழந்தைகள், பின்னாளில் நல்ல உயரமும் வலுவான நுரையீரலும் பெற்றிருந்தனர். பதினெட்டு வயது வரை உயிர் வாழ்ந்தோரும் அவர்களுள்தான் அதிகம். நான்கு வயதில் தராசு காட்டிய எடை, பதினெட்டாம் வயதைப் பற்றியும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது!

ஆகவே நோயை எவ்வளவு விரைவில் கண்டுபிடிக்கிறோமோ அவ்வளவு நல்லது. விஸ்கான்சின் மாநிலத்தில் 1985-ஆம் ஆண்டில் தொடங்கிய ஆராய்ச்சி இதை உறுதிப்படுத்தியது. பிறந்தவுடன் ஒரு துளி இரத்தத்தைச் சோதித்து நோயறியப்பட்ட குழந்தைகள், நோய் முற்றிய பின் அறியப்பட்ட குழந்தைகளைவிட உயரத்திலும் எடையிலும் மேம்பட்டு விளங்கினர். 2010-ஆம் ஆண்டுக்குள் அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் இச்சோதனை நடைமுறைக்கு வந்துவிட்டது.

எவ்வளவு உணவு?

சாதாரணக் குழந்தைக்குத் தேவையான சக்தியைவிட இக்குழந்தைகளுக்கு அதிகம் தேவை. அது 110 சதவீதமாகவும் இருக்கலாம். சிலருக்கு 200 சதவீதம் வரையும் போகலாம். மூன்று வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 1200 கலோரி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இந்நோயுள்ள அதே வயதுக் குழந்தைக்கு 1320 முதல் 2400 கலோரி வரை வேண்டியிருக்கும். மொத்தச் சக்தியில் 35 முதல் 40 சதவீதம் கொழுப்பிலிருந்து வர வேண்டும் என்பது மருத்துவர்கள் வகுத்த அளவு.

மூன்று வயதுக் குழந்தையை ஒரேயடியாக இரண்டு தட்டு உணவு உண்ணச் செய்ய யாரால் முடியும்? ஆகவே உணவின் அளவைக் கூட்டாமல் அதன் சக்தியைக் கூட்டுகிறார்கள். வேகவைத்த உருளைக்கிழங்கு 100 கிராமில் ஏறக்குறைய 87 கலோரி உள்ளது. அதை மசித்து 10 கிராம் வெண்ணெய் சேர்த்தால் இன்னும் 70 கலோரி கூடுகிறது. கிழங்கின் அளவு கூடியதா? கண்ணுக்குத் தெரியாது. ஒரு குவளை கொழுப்பு நீக்கிய பாலில் சுமார் 85 கலோரி. முழுப்பாலில் சுமார் 150. ரொட்டிக்கு வெண்ணெய், காய்கறிக்குப் பாலாடைக்கட்டி, கஞ்சிக்குப் பாலேடு என்று ஒவ்வொரு கவளத்தையும் வளப்படுத்துகிறார்கள். மூன்று வேளை உணவோடு இடையிடையே இரண்டு மூன்று சிற்றுண்டிகளும் உண்டு.

கைக்குழந்தைகளுக்குத் தாய்ப்பாலே சிறந்தது. நோயைக் காரணம் காட்டி அதை நிறுத்த வேண்டுவதில்லை. எடை போதாவிட்டால் மருத்துவரின் ஆலோசனைப்படி சக்தியைக் கூட்டிய பாலும் தருவார்கள். எல்லாம் செய்தும் தேறாத குழந்தைகளுக்கு வயிற்றில் சிறு குழாய் பொருத்தி, இரவில் உறங்கும்போது திரவ உணவு செலுத்துவதும் உண்டு.

உணவோடு சேர்ந்த மருந்து

இவ்வளவு கொழுப்பைக் கொடுத்தால் அதைச் செரிக்க வைக்க வேண்டுமே! பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கும் என்சைமே இன்றும் பயன்படுகிறது. ஆனால் 1970களின் பிற்பகுதியில் அதில் பெரிய முன்னேற்றம் ஏற்பட்டது. என்சைமைக் கடுகைவிடச் சிறிய மணிகளாக்கி, ஒவ்வொரு மணிக்கும் மேலே ஓர் உறை பூசினார்கள். அந்த உறை அமிலத்தில் கரையாது. இரைப்பையைப் பத்திரமாகக் கடந்து, அமிலத்தன்மை குறைந்த சிறுகுடலுக்கு வந்ததும் கரைந்து என்சைமை வெளிவிடும். எங்கே வேலையோ அங்கே போய்த் திறக்கும் பெட்டி என்று இதைக் கூறலாம்.

பெரியவர்கள் இந்த மணிகள் அடங்கிய காப்ஸ்யூலை விழுங்கிவிடுவார்கள். கைக்குழந்தை எப்படி விழுங்கும்? காப்ஸ்யூலைத் திறந்து, வேகவைத்து மசித்த ஆப்பிள் கூழ் ஒரு சிறு கரண்டியில் மணிகளைத் தூவி, பால் கொடுப்பதற்குச் சற்று முன்பு ஊட்டுகிறார்கள். ஆப்பிளின் புளிப்பில் உறை கரையாது. பாலிலோ சூடான உணவிலோ கலக்கலாகாது. உறை முன்னதாகவே கெட்டுவிடும். "நொறுங்கத் தின்றால் நூறு வயது" என்பது நம் பழமொழி. உணவுக்கு அது பொருந்தும், இம்மருந்துக்குப் பொருந்தாது. மணிகளை மெல்லவோ பொடியாக்கவோ கூடாது. ஊட்டிய பிறகு குழந்தையின் வாயைத் திறந்து, ஈற்றிலும் கன்னத்தின் உட்புறத்திலும் மணி ஒட்டியிருக்கிறதா என்று தாய் பார்க்க வேண்டும். இல்லாவிடில் வாய் புண்ணாகும்.

அளவும் முக்கியம். லிப்பேஸின் அளவை 'யூனிட்' என்னும் அலகால் குறிப்பார்கள். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு, ஒரு வேளைக்கு 2500 யூனிட்டுக்கு மேலும், ஒரு நாளைக்கு 10,000 யூனிட்டுக்கு மேலும் கொடுக்கக் கூடாது என்பது விதி. மிக அதிக அளவு பெற்ற சில குழந்தைகளுக்குப் பெருங்குடல் சுருங்கிப்போனதை இங்கிலாந்தின் லிவர்பூல் மருத்துவர்கள் 1994-ஆம் ஆண்டில் அறிவித்த பின்னர் இந்த எச்சரிக்கை ஏற்பட்டது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சுதான்.

வைட்டமினும் உப்பும்

வைட்டமின்களுள் ஏ, டி, ஈ, கே ஆகிய நான்கும் கொழுப்பில் கரைபவை. கொழுப்பு உடலில் சேராவிட்டால் அவையும் சேரா. பார்வைக்கும் எலும்புக்கும் நரம்புக்கும் இரத்தம் உறைவதற்கும் இவை வேண்டும். ஆகையால் இந்நான்கையும் தனியே நாள்தோறும் கொடுக்கிறார்கள்.

அடுத்தது உப்பு. நெற்றியில் முத்தமிட்டால் உப்புக் கரிக்கும் குழந்தை நெடுநாள் வாழாது என்று ஐரோப்பியக் கிராமங்களில் பழங்காலத்தில் சொல்லி வந்தார்களாம். அது மூடநம்பிக்கை அன்று. அதன் காரணம் பின்னாளில் தெரிந்தது. 1948-ஆம் ஆண்டுக் கோடையில் நியூயார்க்கில் கடும் வெப்பம் தாக்கியது. அப்போது மயங்கி மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளுள் இந்நோயுள்ளோர் பலர் இருந்தனர். அதைக் கவனித்த டாக்டர் பால் டி சாந்த் அக்னேசே, இவர்களுடைய வியர்வையில் உப்பு மிக அதிகம் என்பதை 1953-ஆம் ஆண்டில் வெளிப்படுத்தினார். வியர்வையில் உப்பை அளப்பதே இன்றும் நோயை உறுதிசெய்யும் சோதனை.

வியர்வையில் இழந்த உப்பை ஈடுசெய்யாவிட்டால் குழந்தை சோர்ந்துவிடும், எடையும் ஏறாது. ஆகவே சாதாரணக் கைக்குழந்தைக்கு உப்புச் சேர்க்க வேண்டாம் என்னும் மருத்துவர்களே, இக்குழந்தைக்கு நாளைக்குத் தேக்கரண்டியில் எட்டில் ஒரு பங்கும், ஆறு மாதம் ஆனபின் கால் பங்கும் உப்பைச் சிறிது சிறிதாகப் பாலிலும் உணவிலும் கலந்து கொடுக்கச் சொல்கிறார்கள்.

ஊட்டும் கலை

கலோரியும் என்சைமும் கணக்கில் அடங்கும். குழந்தையின் பிடிவாதம் எந்தக் கணக்கில் அடங்கும்? இரண்டு வயதுக் குழந்தை வாயை இறுக மூடிக்கொண்டு தலையை ஆட்டுவதை நாம் எல்லோரும் நம் தம்பி தங்கையரிடம் கண்டிருக்கிறோம். மற்றக் குழந்தை ஒரு வேளை உண்ணாவிட்டால் "பசித்தால் தானே வரும்" என்று விட்டுவிடலாம். எடையை எண்ணி எண்ணிக் கவலைப்படும் இத்தாய் அப்படி விட முடியுமா? கெஞ்சுகிறாள்; கதை சொல்கிறாள்; மிரட்டுகிறாள்; வேறு பண்டம் செய்து தருகிறாள். ஒரு மணி நேரம் கழிகிறது. இருவர் கண்ணிலும் நீர்.

அமெரிக்காவில் இக்குடும்பங்களின் உணவு வேளையை ஆராய்ந்தவர்கள், உணவு நேரத்தை நீட்டுவதால் மட்டும் குழந்தை அதிகம் உண்டுவிடுவதில்லை என்று கண்டார்கள். உண்ண மறுக்கும்போதுதான் தாயின் கவனம் முழுவதும் கிடைக்கிறது என்பதைக் குழந்தை விரைவில் கற்றுக்கொள்கிறது! ஆகவே பெற்றோருக்குச் சில எளிய பழக்கங்களைக் கற்பிக்கிறார்கள்.

1. குழந்தை ஒரு கவளம் உண்டவுடன் பாராட்ட வேண்டும். மறுக்கும்போது கோபமோ கெஞ்சலோ காட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும்.

2. உணவு வேளை சுமார் இருபது நிமிடத்தில் முடிய வேண்டும். மீதியை அடுத்த வேளையில் பார்த்துக்கொள்ளலாம்.

3. ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றாமல், முதலில் சிற்றுண்டி, பிறகு காலை உணவு என்று ஒவ்வொரு வேளையாகச் சக்தியைக் கூட்ட வேண்டும்.

4. புதிய பண்டத்தைச் சிறிது சிறிதாகப் பலமுறை வைத்துப் பழக்க வேண்டும்.

இவற்றைக் கற்ற பெற்றோரின் குழந்தைகள் அதிகக் கலோரி உண்டதாக ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. வலிந்து திணிப்பதைவிடப் புன்னகையும் பொறுமையும் வேலை செய்கின்றன என்பது எவ்வளவு இனிமையான உண்மை!

இன்றைய நிலை

பழுதுபட்ட புரதத்தையே ஓரளவு சீர்செய்யும் மருந்துகள் இப்போது வந்துவிட்டன. முதல் மருந்து 2012-ஆம் ஆண்டிலும், மூன்று மருந்துகள் சேர்ந்த கூட்டு மருந்து 2019-ஆம் ஆண்டிலும் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றன. இரண்டு வயதுக் குழந்தைகளுக்கும் அக்கூட்டு மருந்து 2023-ஆம் ஆண்டில் அனுமதிக்கப்பட்டது. இதை உண்பவர்களின் எடை நன்கு கூடுகிறது. சிலருக்கு எடை மிகுந்துவிடுவதால், இனிப்பும் வறுவலும் கண்டபடி தராமல் சத்துள்ள உணவாகத் தரும்படி மருத்துவர்கள் கூறுகிறார்கள். 1938-ஆம் ஆண்டில் பிஞ்சிலேயே கருகிய குழந்தைகளின் நோய்க்கு, இன்று அந்நாட்டில் பிறப்போர் அறுபது வயதைத் தாண்டி வாழ்வார்கள் என்று மதிப்பிடுகிறார்கள்.

ஆனால் அம்மருந்தின் விலை மிக அதிகம். அமெரிக்காவில் அறிமுகமானபோது ஓராண்டுக்கு மூன்று இலட்சம் டாலருக்கு மேல் விலை குறிக்கப்பட்டது. உலகின் பல நாடுகளில் அது எளிதில் கிடைப்பதில்லை. அங்கெல்லாம் உணவும் என்சைமும் உப்பும் தாயின் பொறுமையுமே இன்றும் முதன்மையான துணை.

நம் நாட்டில்

இந்தியாவில் இந்நோயே இல்லை என்று நெடுங்காலம் எண்ணி வந்தார்கள். 1960களின் இறுதியில் இந்தியக் குழந்தைகளிடமும் இது காணப்படுவதாக மருத்துவ ஏடுகளில் செய்தி வரத் தொடங்கியது. இன்று டெல்லியிலும் வேலூரிலும் உள்ள பெரிய மருத்துவமனைகளில் இக்குழந்தைகளுக்குச் சிகிச்சை அளிக்கப்படுகிறது. ஆயினும் பலருக்கு நோய் தாமதமாகவே தெரிய வருகிறது. ஓயாத இருமலைக் காசநோய் என்றும், மெலிவைச் சத்துக்குறைவு என்றும் எண்ணிவிடுகிறார்கள். நம் வெயிலில் உப்பை இழந்து சோர்ந்து விழுவது இங்கே பெரிய ஆபத்து. இது பரம்பரை வழி வரும் நோயாகையால், நெருங்கிய உறவில் திருமணம் செய்யும் குடும்பங்களில் இத்தகைய நோய்கள் தோன்ற வாய்ப்பு அதிகம் என்பதையும் நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

முடிவுரை

மெலிந்த குழந்தையைக் கண்டால் நம்மவர் முதலில் கேட்பது, "வீட்டில் சரியாகச் சோறு போடுவதில்லையா?" என்பதுதான். அந்தச் சொல் தாயின் நெஞ்சைச் சுடும். அவள் மற்றவர்களைவிட இருமடங்கு ஊட்டியிருக்கலாம். குறை அவள் கையில் இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு வாயிலில் இருக்கிறது. பழி கூறுவதை விட்டு, "டாக்டரிடம் காட்டினீர்களா?" என்று கேட்பதே உண்மையான உதவி. நன்றாக உண்டும் எடை ஏறாமை, எண்ணெய்ப் பசையுள்ள மலம், விடாத இருமல், உப்புக் கரிக்கும் வியர்வை ஆகியவை சேர்ந்து காணப்பட்டால் தாமதிக்கலாகாது.

தோழியரே, நாம் தட்டில் மீதி வைத்துவிட்டு எழுந்து போகும் ஒரு கவளத்திற்காக, எங்கோ ஒரு தாய் இருபது நிமிடம் பொறுமையோடு காத்திருக்கிறாள். நாளை நம்மில் பலர் டாக்டர்களாகவும், நர்ஸ்களாகவும், ஆசிரியைகளாகவும், தாய்மாராகவும் ஆவோம். எல்லோரும் சரியென்று சொன்ன உணவு முறையைத் தராசும் பதிவேடும் கொண்டு சோதித்துப் பார்த்ததால்தான் ஒரு புதிய வழி பிறந்தது. டாரதி ஆண்டர்சன் ஒரு துறையில் கதவு அடைபட்டபோது மறு கதவைத் தட்டினார். அதனால் ஒரு நோய்க்குப் பெயர் கிடைத்தது. நாமும் நன்றாகக் கற்போம், கூர்ந்து கவனிப்போம், உண்டும் தேறாத குழந்தையின் தாய்க்கு ஆறுதலாக நிற்போம்.